எரிபொருள் வெப்பநிலை சென்சார்: பழுது சென்சாரிலா, வயரிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீசல் காரை ஸ்கேன் செய்துவிட்டு, "ஃப்யூவல் டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லும்போது, அந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது கூடப் பலருக்குத் தெரிவதில்லை. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஓர் உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வகை டீசல் கார்களில் உள்ள இரண்டு வயர் சென்சாரை மனத்தில் வைத்தே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பெட்ரோல் கார்களுக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்பதற்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

இந்த சென்சார் வண்டியில் என்ன வேலை செய்கிறது?

டீசல் சூடாகும்போது விரிகிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் என்ற அளவில் அது விரிவதால், 30 டிகிரியில் இருந்த டீசல் 70 டிகிரிக்குப் போகும்போது அதே கன அளவில் இருக்கும் எடை சுமார் மூன்று சதவீதம் குறைந்துவிடும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடும் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), எரியப்போகும் டீசலின் எடையைத்தான் அறிய விரும்புகிறது. ஆகவே இந்த மூன்று சதவீதத்தை அது ஈடுகட்டியாக வேண்டும். அதற்கு டீசலின் வெப்பநிலை தேவை.

இன்னொரு வேலை பாதுகாப்பு தொடர்பானது. உயர் அழுத்த பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியாக ஓடும் டீசலே அதற்கு மசகு. இந்தியாவில் விற்கப்படும் டீசலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும் என்பது தர விதி. வெப்பம் ஏற ஏற அது மேலும் நீர்த்துப்போகிறது. பம்ப்பின் உள்ளே உலோகத்தின் மேல் உலோகம் உரசும் நிலை நெருங்குகிறது. டீசல் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று தெரிந்தால் இசியூ இன்ஜினின் சக்தியைக் குறைத்து பம்ப்பைக் காப்பாற்றப் பார்க்கும்.

சென்சாரின் உள்ளே இருப்பது ஒரு சிறிய தெர்மிஸ்டர். வெப்பம் கூடினால் அதன் மின்தடை குறையும். வெப்பம் குறைந்தால் மின்தடை கூடும். இசியூ தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சார் அதை எவ்வளவு கீழே இழுக்கிறது என்று பார்க்கிறது. கீழே வரும் சோதனைகள் எல்லாமே இந்த ஒரு ஏற்பாட்டை வைத்துத்தான் நடக்கின்றன.

அதை எங்கே தேடுவது?

வண்டிக்கு வண்டி மாறும். டென்சோ எச்பி3 பம்ப் பொருத்தப்பட்ட டொயோட்டா டீசல் இன்ஜின்களில் பம்ப்பின் உடலிலேயே திருகப்பட்டிருக்கும். சில கார்களில் டீசல் ஃபில்டரின் மேல்மூடியில் இருக்கும். இன்னும் சிலவற்றில் டேங்குக்குத் திரும்பும் குழாயில் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய பம்ப்-இன்ஜெக்டர் டீசல் கார்களில் திரும்பும் குழாயில் இருக்கும் இந்தச் சென்சாருக்கு ஜி81 என்று வயரிங் வரைபடத்தில் பெயர்.

ஃபில்டரின் அருகே தேடுகிறவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். அதே இடத்தில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் சென்சாருக்கும், டீசலைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் கனெக்டர்கள் இருக்கக்கூடும். ஹீட்டரின் கனெக்டரில் 12 வோல்ட் வரும். அதை வெப்பநிலை சென்சாரின் கனெக்டர் என்று எண்ணிச் சோதனை செய்தால், முடிவும் தவறாகும், வேறு எதாவது கெடவும் வாய்ப்புண்டு.

பழுதானால் ஓட்டுநருக்கு என்ன தெரியும்?

பெரும்பாலும் இன்ஜின் விளக்கு எரிவதைத் தவிர ஒன்றும் தெரியாது. சென்சார் முற்றாகச் செத்துவிட்டால் இசியூ அதை நம்புவதை விட்டுவிட்டு, தன்னிடம் உள்ள ஒரு நிலையான மதிப்பை வைத்து வண்டியை ஓட்டும். சராசரி வெப்பநிலையில் அந்த மதிப்பு பெரிய தவறாக இராது என்பதால் வண்டி ஓரளவு சரியாகவே போகும்.

தொந்தரவு தருவது பொய் சொல்லும் சென்சார்தான். டீசல் 45 டிகிரியில் இருக்கும்போது 95 என்று அது சொன்னால், அந்த எண் நம்பத்தகாதது என்று இசியூவுக்குத் தோன்ற வழியில்லை. எனவே கோட் (ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு) விழாது, விளக்கும் எரியாது. ஆனால் பம்ப்பைக் காப்பதாக எண்ணிக்கொண்டு இசியூ சக்தியைக் குறைக்கும். மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் வண்டி இழுக்க மறுப்பது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு பிக்கப் குறைவது போன்ற புகார்களின் பின்னால் இது இருக்கலாம். மாறாக, சூடான டீசலைக் குளிர்ந்தது என்று சொன்னால் இசியூ சற்றுக் குறைவாகப் பீய்ச்சும். லேசான சக்திக் குறைவைத் தவிர வேறொன்றும் தெரியாது.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, கரும்புகை வருகிறது, மைலேஜ் பாதியாகிவிட்டது ஆகிய எல்லாப் பழிகளும் இந்தச் சென்சாரின் மேல் சுமத்தப்படுவதைப் பார்க்கிறேன். மூன்று சதவீதத் திருத்தத்தைக் கையாளும் ஓர் உறுப்பு மைலேஜைப் பாதியாக்க முடியாது. அப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் பேட்டரி, டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், காற்று செல்லும் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஸ்கேனரில் "பி0182 லோ" என்று வந்திருக்கிறது. டீசல் மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று பொருளா?

இல்லை, நேர்மாறானது. இந்தக் குழப்பம் அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடமும் உண்டு. "லோ", "ஹை" என்று ஸ்கேனர் சொல்வது மின்னழுத்தத்தைப் பற்றித்தான், வெப்பநிலையைப் பற்றி அல்ல.

பி0182 என்றால் சிக்னல் வயரில் மின்னழுத்தம் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது சிக்னல் வயர் எங்கோ எர்த்தில் படுகிறது. இசியூவுக்கு இது 120 டிகிரிக்கும் மேலான கொதிக்கும் டீசலாகத் தோன்றும். பி0183 என்றால் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது, அதாவது மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. இசியூவுக்கு அது மைனஸ் 40 டிகிரியாகத் தோன்றும். மைனஸ் 40 என்பது செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் ஒரே எண் என்பதால், ஸ்கேனர் எந்த அலகில் இருந்தாலும் அந்த எண்ணைக் கண்டவுடன் "அறுந்த சுற்று" என்று முடிவு செய்துகொள்ளலாம்.

பி0181 என்பது எண் வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் பொருத்தமாக இல்லை என்று இசியூ சந்தேகிப்பது. பி0184 விட்டுவிட்டு வரும் கோளாறு. பி0180 பொதுவாக அந்தச் சுற்றில் பிழை என்று மட்டும் சொல்வது. இரண்டு சென்சார் உள்ள வண்டிகளில் இரண்டாவதற்கு பி0185 முதல் பி0189 வரை. இந்த வரிசையில் சேராத பி0168 பற்றித் தனியாகப் பேச வேண்டும். அது கீழே வருகிறது.

கோட் வந்துவிட்டது. சென்சாரை மாற்றிவிட்டால் போதாதா?

போதும் என்று நம்பித்தான் நானும் ஒருமுறை மாற்றவிட்டேன். பி0183 வந்த என் டீசல் காருக்கு ஓர் ஒர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றி, கோட்டை அழித்து அனுப்பினார்கள். எட்டாவது நாள் விளக்கு திரும்ப வந்தது. இரண்டாவது சென்சாருக்கும் பணம் கேட்டபோதுதான், முதலில் கழற்றிய பழைய சென்சாரைத் திரும்ப வாங்கி வந்து வீட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். காலை வெப்பநிலை 26 டிகிரி, மீட்டர் 1.98 கிலோ ஓம் காட்டியது. அந்த வகைச் சென்சாருக்கு அந்த வெப்பநிலையில் வர வேண்டிய எண் அதுதான். கழற்றி எறியப்பட்ட சென்சார் முழு ஆரோக்கியத்துடன் இருந்தது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே வயரிங்கை அங்குலம் அங்குலமாக அசைத்தோம். ஃபில்டர் பிராக்கெட்டுக்கு நான்கு விரற்கடை தள்ளி ஓரிடத்தில் லேசாக இழுத்தவுடன் 48 டிகிரி என்று இருந்த எண் மைனஸ் 40க்குக் குதித்தது. வெளியே உறை கீறல்கூட இல்லாமல் இருந்தது. விரலால் நீட்டியபோது அந்த இடம் மட்டும் ரப்பர் போல மெலிந்தது. உறையை நீக்கினால், உள்ளே செம்பு கறுத்து, இரண்டே இழைகள் மீதமிருந்தன.

ஒரு சென்சாரின் பெயர் கோட்டில் வந்தால் அது அந்தச் சென்சார் கெட்டதற்கான சான்று ஆகாது. சென்சார், கனெக்டர், இரண்டு வயர்கள், இசியூ ஆகிய நான்கும் சேர்ந்த சுற்றில் எங்கோ கோளாறு என்பதே அதன் பொருள். இந்த நான்கில் எது என்று பிரித்தறியப் பத்து நிமிடமும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை உண்டா?

உண்டு, நான் முதலில் செய்யச் சொல்வதும் அதைத்தான். வண்டியை இரவு முழுவதும் நிழலில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் மூன்று எண்களைப் பாருங்கள்: கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, எரிபொருள். எட்டு மணி நேரம் அசையாமல் நின்ற வண்டியில் இந்த மூன்றும் வெளி வெப்பநிலைக்கு அருகே, ஒன்றுக்கொன்று ஐந்து டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கூலன்ட் 27, காற்று 28, எரிபொருள் 51 என்று காட்டினால் பொய் சொல்வது யார் என்பதில் ஐயமில்லை. கோட் விழாமல் பிறழ்ந்துபோன சென்சாரைப் பிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு எண் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். ஓடிச் சூடான வண்டியில் 40 முதல் 70 டிகிரி வரை சாதாரணம். எண் மெல்ல, குதிக்காமல் ஏற வேண்டும். அரை மணி நேரம் ஓடியும் ஒரே எண்ணில் ஆடாமல் நின்றால், அது சென்சார் சொல்லும் எண்ணாக இல்லாமல், இசியூ தானாக வைத்துக்கொண்ட மாற்று மதிப்பாக இருக்கலாம்.

கைப்பேசியோடு இணையும் விலை குறைந்த ஓபிடி (வண்டியின் சுயபரிசோதனை) கருவிகளில் எரிபொருள் வெப்பநிலை பல வண்டிகளுக்குத் தெரியாது. அந்த எண் பெரும்பாலும் தயாரிப்பாளரின் தனிப் பட்டியலில் இருப்பதால், அதைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் தேவைப்படும்.

மல்டிமீட்டரில் எவ்வளவு காட்ட வேண்டும்?

சாவியை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே மின்தடையை அளக்க வேண்டும். கனெக்டர் மாட்டியிருக்கும்போது அளந்தால் இசியூவின் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும்.

பரவலாகப் பயன்படும் பாஷ் வகைத் தெர்மிஸ்டருக்கு 0 டிகிரியில் ஏறத்தாழ 5.9 கிலோ ஓம், 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம், 40 டிகிரியில் 1.2 கிலோ ஓம், 60 டிகிரியில் 600 ஓம், 80 டிகிரியில் 320 ஓம், 100 டிகிரியில் 190 ஓம் வரும். டென்சோ சென்சார்களின் எண்களும் இதற்கு அருகிலேயே இருக்கும். ஆனாலும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே இறுதியானது. 20 டிகிரி என்பது நம் ஊரில் பல மாதங்களுக்கு எட்டாத வெப்பநிலை என்பதால், மேனுவலில் போட்டிருக்கும் 2.5 கிலோ ஓமை எதிர்பார்த்து மே மாத நண்பகலில் 1.4 வந்ததும் சென்சாரைக் குப்பையில் போடாதீர்கள். 35 டிகிரிக்கு அதுதான் சரி.

மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் சென்சார் உள்ளே அறுந்திருக்கிறது. சில ஓம்கள் மட்டும் காட்டினால் ஷார்ட் ஆகியிருக்கிறது. இந்த இரண்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை; சென்சாரை மாற்றலாம்.

ஒரே வெப்பநிலையில் அளந்தால் போதுமா? வெந்நீர்ச் சோதனை எப்படிச் செய்வது?

ஒரே வெப்பநிலையில் சரியாக இருந்து, சூடானதும் பிறழும் சென்சார்கள் உண்டு. ஆகவே குறைந்தது இரண்டு இடங்களில் அளப்பது நல்லது. சென்சாரைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் டீசலை நன்றாகத் துடைத்துவிட்டு, வேறிடத்தில் காய்ச்சிக் கொண்டுவந்த வெந்நீரில் அதன் முனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். பின்களில் தண்ணீர் படக்கூடாது. அடுப்பின் மேல் வைத்துச் செய்ய வேண்டாம். பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, தண்ணீர் ஆற ஆற ஐந்தாறு இடங்களில் வெப்பநிலையையும் மின்தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறும்போது மின்தடை ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் எங்காவது தாவினாலோ, சிறிது நேரம் காணாமல் போனாலோ உள்ளே இணைப்பு விட்டிருக்கிறது.

கொதிநீர் என்றாலே 100 டிகிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். மேலும் அந்தப் பாத்திரம் அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

சென்சார் சரி. வயரை எப்படிச் சோதிப்பது?

கனெக்டரைச் சென்சாரிலிருந்து கழற்றி, சாவியை ஆன் செய்து, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனையால் வயர் பக்கக் கனெக்டரின் இரண்டு துளைகளையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். துளைக்குள் தடித்த முனையைத் திணித்தால் உள்ளே இருக்கும் கவ்வி அகன்று, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக உண்டாகும். மெல்லிய ஊசியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு துளையில் 5 வோல்ட், மற்றதில் பூஜ்யம் என்று வந்தால் சிக்னல் வயர் இசியூ வரை தொடர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பூஜ்யத்தை மட்டும் வைத்து எர்த் வயர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அறுந்த வயரும் பூஜ்யம்தான் காட்டும். அதனால் கறுப்பு முனையை பேட்டரியிலிருந்து எடுத்து, கனெக்டரின் எர்த் துளையில் வைத்து, இரண்டு துளைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கும் 5 வோல்ட் வந்தால்தான் எர்த் உண்மையில் சேர்கிறது. பிறகு கனெக்டரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த வயரில் துருவோ தளர்ந்த இணைப்போ இருக்கிறது.

சிக்னல் துளையிலும் பூஜ்யம் வந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு: வயர் அறுந்திருக்கலாம், அல்லது எர்த்தில் படலாம். கனெக்டரில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இங்கேதான் கோட் உதவுகிறது. அறுந்த வயரின் இசியூ பக்கத்தில் 5 வோல்ட் அப்படியே நிற்பதால் பி0183 விழும். எர்த்தில் படும் வயர் இசியூவின் 5 வோல்ட்டையும் சேர்த்து இழுத்துவிடுவதால் பி0182 விழும்.

கூலன்ட், காற்று போன்ற வேறு சென்சார்களுக்கும் ஒரே நேரத்தில் கோட் வந்திருந்தால், ஒவ்வொன்றாகச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பல வண்டிகளில் அவை எல்லாம் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. அந்தப் பொது எர்த்தைத் தேடுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் இன்னும் விரைவாகக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பி0182 வந்த வண்டியில், ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். எண் 120க்கு மேலிருந்து மைனஸ் 40க்கு இறங்கினால் ஷார்ட் சென்சாரில். அசையாமல் அப்படியே நின்றால் வயரில். பி0183 வந்த வண்டியில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: கழற்றிய கனெக்டரின் இரண்டு துளைகளையும் இணைத்தால் எண் உச்சத்துக்குப் போக வேண்டும். போனால் வயரும் இசியூவும் நலம், சென்சார் அறுந்திருக்கிறது. போகாவிட்டால் சென்சாரைத் தொடாதீர்கள். சில இசியூக்கள் கோட் விழுந்தபின் மாற்று மதிப்பைப் பிடித்துக்கொண்டு அசையாது. அப்போது சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

வெறும் வயரால் இணைப்பதைவிட, எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டரை மாட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. பாஷ் வகைச் சுற்றில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் ஸ்கேனர் சுமார் 23 டிகிரியும், 1 கிலோ ஓமுக்குச் சுமார் 45 டிகிரியும், 330 ஓமுக்குச் சுமார் 79 டிகிரியும் காட்ட வேண்டும். மூன்றும் சரியாக வந்தால் வயர், கனெக்டர், இசியூ, ஸ்கேனர் எல்லாம் ஒரே வீச்சில் தேர்ச்சி பெற்றுவிட்டன. மூன்றிலும் எண் ஒரே பக்கமாகச் சாய்ந்து, உண்மையைவிடக் குளிர்ச்சியாகவே வந்தால் வயரில் கூடுதல் மின்தடை இருக்கிறது; அது 330 ஓம் சோதனையில்தான் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் 2.2 கிலோ ஓமோடு 100 ஓம் கூடினால் ஒரு டிகிரிதான் மாறும், 330 ஓமோடு கூடினால் பத்து டிகிரிக்கு அருகே மாறும்.

இந்தச் சோதனைகள் இரண்டு வயர் சென்சாருக்கு மட்டுமே. மூன்று, நான்கு பின்கள் கொண்ட கூட்டுச் சென்சாரில் வரைபடம் இல்லாமல் எதையும் எதோடும் இணைக்கக்கூடாது.

கோட் விட்டுவிட்டு வருகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்களில் பச்சை படிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாட்டர் சர்வீஸில் இன்ஜின் அறைக்குள் அழுத்தமாகத் தண்ணீர் அடித்த மறுநாளோ, மழைத் தண்ணீரில் வண்டி இறங்கி ஏறிய பிறகோ கோளாறு தொடங்கியிருந்தால் இங்கேயே தேட வேண்டும். கனெக்டரின் உள்ளே ஈரமாகவும் வழவழப்பாகவும் டீசல் வாடையோடும் இருந்தால் சென்சாரின் உட்புறச் சீல் போய், டீசல் பின்களின் வழியாக ஊறி வருகிறது. அந்தச் சென்சார் அளவையில் சரியாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது எலி. நிறுத்தியே வைக்கும் வண்டிகளில் வயரைக் கடித்துவைப்பதில் அதற்கு நிகரில்லை. இன்ஜின் மூடியை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகும் ஒன்றும் அகப்படாவிட்டால், மேலே என் வண்டிக்குச் செய்ததைப் போல இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்கேனரைப் பார்க்க, மற்றவர் வயரைப் பகுதி பகுதியாக அசைக்க வேண்டும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பி0168 வந்திருக்கிறது. அதுவும் சென்சார் பழுதுதானா?

பெரும்பாலும் இல்லை. எரிபொருள் உண்மையிலேயே அதிகம் சூடாகிவிட்டது என்று அந்தக் கோட் சொல்கிறது. காலைச் சோதனையில் சென்சார் சரியாகக் காட்டினால், அதை நம்பி வெப்பத்தின் காரணத்தைத் தேட வேண்டும்.

காமன் ரெயிலில் 1,600 பார், அதற்கும் மேல் என்று அழுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி எரியாமல் டேங்குக்குத் திரும்புகிறது. அழுத்தம் விடுபடும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறுவதால் திரும்பும் டீசல் நன்றாகச் சூடாக இருக்கும். டேங்க் நிறைந்திருந்தால் அந்தச் சூடு கரைந்துவிடும். ரிசர்வில் ஓட்டும் பழக்கமுள்ளவர்களின் டேங்கில் அதே நான்கைந்து லிட்டர் சுற்றிச் சுற்றி வந்து, கோடையில் நெடுந்தூரம் போகும்போது தாங்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. ஆகவே முதல் சோதனை செலவில்லாதது: டேங்கை நிரப்பி, அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

நிரப்பிய பிறகும் வந்தால் இன்ஜெக்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த இன்ஜெக்டர் அளவுக்கு மீறிய டீசலைத் திருப்பி அனுப்பும். திரும்பும் அளவு கூடக் கூட வெப்பமும் கூடும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சில நிமிடங்களில் சேரும் அளவை ஒப்பிட்டால் எது தேய்ந்தது என்று தெரிந்துவிடும். திரும்பும் குழாயில் கூலர் உள்ள வண்டிகளில் அது வண்டியின் அடியில் இருப்பதால் சேறும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழுதான சென்சாரோடு வண்டியை ஓட்டலாமா?

சுற்று அறுந்து பி0183 நிற்கும் வண்டியைச் சில நாட்கள் ஓட்டுவதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் டீசல் உண்மையில் சூடேறினால் இசியூவுக்குத் தெரியாது என்பதால், வெயிலில் நெடும்பயணத்துக்கும் மலை ஏறுவதற்கும் முன்பு சரிசெய்துவிடுவது நல்லது. பம்ப்பின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சென்சாரின் விலை அற்பம். டீசல் கசியும் சென்சாரோடு மட்டும் ஒரு நாளும் ஓட்ட வேண்டாம்.

பெட்ரோல் காருக்கும் இவை பொருந்துமா?

பல பெட்ரோல் கார்களில் இந்தச் சென்சாரே கிடையாது. இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் டேங்கினுள் பம்ப்போடு சேர்ந்து இருக்கும். டேங்கின் ஆவி கசிகிறதா என்று சோதிப்பதற்கு ஏற்ற வேளை எது என்று தீர்மானிக்க இசியூ அதைப் பயன்படுத்துகிறது. அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் இதை அதிகம் காணலாம். காலைச் சோதனையும் மின்தடைச் சோதனையும் இதற்கும் பொருந்தும். டேங்கைத் திறப்பது மட்டும் வீட்டில் செய்யும் வேலை அல்ல. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

எத்தனால் கலப்பை அளக்கும் ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் சென்சார் வேறு வகை. மூன்று வயர் கொண்ட அது, எத்தனால் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையாகவும், வெப்பநிலையைத் துடிப்பின் அகலமாகவும் அனுப்புகிறது. அதில் ஓம் அளந்து பயனில்லை.

சென்சார் பம்ப்புக்குள்ளேயே இருப்பதால் பம்ப்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

சில பழைய பம்ப்புகளுக்கு உண்மை. பாஷின் விபி37 பம்ப்பில் சென்சார், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியோடு உள்ளேயே இருக்கிறது; விபி44 பம்ப்பிலும் அப்படித்தான். காமன் ரெயில் பம்ப்பின் வெளிப்புறத்தில் திருகப்பட்ட சென்சாருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. சென்சார் தனியாகக் கிடைக்காமல் முழு பம்ப்பாகவோ முழு ஃபில்டர் கூடாகவோதான் விற்கப்படும் மாடல்களும் இருப்பதால், பாகப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பம்ப் அளவுக்குச் செலவு வரும் இடத்தில், மேலே சொன்ன வயர் சோதனைகள் அனைத்தையும் செய்து முடித்தார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மாற்றும்போது எதில் கவனம் தேவை?

இன்ஜினை நிறுத்திக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள். இந்தச் சென்சார் குறைந்த அழுத்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்றாலும், பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயைத் தவறிக்கூடத் தளர்த்தக்கூடாது. உயர் அழுத்த டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

கழற்றுவதற்கு முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். ஒரு துளி மணல் பம்ப்புக்குள் போனால் சென்சார் மாற்றியதன் பயன் அங்கேயே முடிந்தது. வாஷரோ ஓ-ரிங்கோ புதிதாகப் போட வேண்டும், ஏனென்றால் பழையது வெளியே கசியாவிட்டாலும் உள்ளே காற்றை இழுக்கும். பிளாஸ்டிக் ஃபில்டர் கூட்டில் திருகும்போது கைப்பலத்தைக் காட்டாதீர்கள். மாட்டியபின் கைப் பம்ப்பை அழுத்தியோ, சாவியை நான்கைந்து முறை ஆன் செய்தோ காற்றை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

எல்லாம் சரிசெய்தும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே?

ஸ்கேனரில் கோட்டை அழிக்கவில்லை என்றால் விளக்கு உடனே அணையாது. ஓபிடி விதிப்படி, தொடர்ந்து மூன்று ஓட்டச் சுற்றுகளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஒரு சுற்று) கோளாறு தென்படவில்லை என்றால்தான் விளக்கு தானாக அணையும். கோட் நினைவிலிருந்து நீங்க மேலும் 40 முறை இன்ஜின் குளிர்ந்து சூடேற வேண்டும். கோட்டை அழித்த பிறகும் சாவியை ஆன் செய்த உடனேயே அதே கோட் திரும்பினால், சுற்று இன்னும் அறுந்தோ ஷார்ட் ஆகியோ இருக்கிறது. சில நாள் கழித்துத் திரும்பினால் அசைவிலோ சூட்டிலோ வரும் கோளாறு. பழைய சென்சாரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், அதை மீட்டரில் அளந்து பார்க்க வேண்டிய வேளை அதுதான்.